பழைய கேம்பருக்கு உள்வேலை: டோர் பேட் பழசு போதும், பெல்ட் புதுசு வேண்டும்

கேள்வி: என்னிடம் 2008 மாடல் மஹிந்திரா பொலிரோ கேம்பர் இருக்கிறது. டோர் பேட் (கதவின் உள்பக்கக் கவர்) வெடித்துவிட்டது, ரூஃப் லைனிங் தொங்குகிறது. முன் சீட் பெல்ட் இரண்டும் இழுத்தால் வருகின்றன, திரும்ப உள்ளே போவதில்லை. கோவை உக்கடத்தில் உடைக்க வந்த கேம்பர் ஒன்றிலிருந்து உள்பாகங்களை பெல்ட்டோடு சேர்த்து மொத்தமாகத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: டோர் பேட், பில்லர் (கதவோரத் தூண்) கவர், சன் வைசர், கைப்பிடி எல்லாம் தாராளமாக வாங்குங்கள். பெல்ட்டை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். உடைக்க வரும் வண்டிகளில் நிறைய அடிபட்டு வந்தவை. ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டின் பாலியஸ்டர் இழை இழுபட்டுப் போயிருக்கும், பெல்ட் சுருண்டிருக்கும் ரீலின் பூட்டும் அடி வாங்கியிருக்கும், ஆனால் கண்ணால் பார்த்தால் புதுசு மாதிரிதான் தெரியும். சோதனையில் தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் தலா சுமார் 1,350 கிலோ இழுப்பு கொடுத்தாலும் பெல்ட்டைப் பிடித்திருக்கும் இடங்கள் தாங்க வேண்டும் என்பது கார், சிறிய பிக்கப்புகளுக்கான ஐ.நா. வாகன விதி. அந்த வேலையை முன்கதை தெரியாத ஒரு பெல்ட்டிடம் எப்படி ஒப்படைப்பது?

புதுசு வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். தோள் பக்கம் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தில் வியர்வையும் தூசியும் சேர்ந்து பிசுக்கு பிடித்திருக்கும், பெல்ட் உள்ளே போகாததற்குப் பல வண்டிகளில் அதுதான் காரணம். சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் வளையத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்து விடுங்கள். சரியாகிவிட்டது, ஓரத்தில் பிசிறு இல்லை, வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிறது என்றால் அந்த பெல்ட்டே ஓடட்டும். பிசிறோ வெட்டோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் உங்கள் மாடலுக்கே உரிய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது வேண்டாம். ரீலுக்குள் ஒரு சின்ன குண்டோ பெண்டுலமோ இருக்கிறது, வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் அது நகர்ந்து பல்லைப் பூட்டும். ரீல் 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும் என்பது கார் ரீலுக்கான ஐ.நா. விதி. அதனால் வேறு வண்டியின் ரீலை உங்கள் பில்லரில் கொஞ்சம் கோணலாக மாட்டினாலும் அது இழுக்கவே வராமல் நிற்கலாம், இல்லையென்றால் பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாமல் போகலாம், பின்னதுதான் ஆபத்து. பக்கிளையும் அதில் செருகும் நாக்கையும் ஒரே செட்டாக வாங்குங்கள். வேறு வேறு கம்பெனி என்றால் கிளிக் என்று சத்தம் வந்தாலும் முழுசாகப் பிடிக்காமல் போகலாம்.

இப்போது வேலை. கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக தோள் வளைய போல்ட்டில் வாஷர், புஷ் எந்த வரிசையில் இருக்கிறது என்று. புஷ்ஷை விட்டுவிட்டு முறுக்கினால் வளையம் இறுகிப்போய்த் திரும்பாது, பெல்ட் முறுக்கிக்கொள்ளும். பெல்ட் போல்ட் நிறைய வண்டிகளில் 7/16 இன்ச், இன்ச்சுக்கு 20 திரெட். 12 எம்.எம். போல்ட் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அதை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் பில்லருக்குள் வெல்டு வைத்த நட் காலி. அதனால் முதல் நாலைந்து சுற்று கண்டிப்பாகக் கையாலேயே ஏற வேண்டும், அப்புறம்தான் ஸ்பேனர். கடைசி முறுக்கு கம்பெனி சொன்ன அளவுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சில்.

கவர் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே தரை மேட்டைத் தூக்கி, பில்லரின் அடியிலும் கீழ் போல்ட்டைச் சுற்றியும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். தகடு பொலபொலவென்று உதிர்ந்தால் முதலில் டிங்கரிங் (தகடு வேலை). துருப்பிடித்த தகட்டில் எவ்வளவு நல்ல பெல்ட் மாட்டினாலும் தகட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

டோர் பேடுக்கு வருவோம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வளைந்த கம்பி கிளிப்பில் நிற்கும் வகை என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு துணிக் கீற்றை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும், எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். அது இல்லையென்றால் கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வந்து, நீங்கள் இப்போதுதான் பார்த்த அதே தரையை அரிக்கும். ரூஃப் லைனிங்கில் பழைய ஃபோம் பொடியை பிரஷ்ஷால் முழுசாகத் தேய்த்து எடுத்த பிறகே புதுத் துணி, அதுவும் சூடு தாங்கும் பசையில். நம் ஊர் மே மாத வெயிலில் நிறுத்தும் வண்டிக்கு சாதாரண பசை நிற்காது.

கேள்வி: எங்கள் டபுள் கேபின் பிக்கப்பில் பின் சீட்டுக்கு பெல்ட்டே இல்லை. தகட்டில் ஓட்டை போட்டு மாட்டலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஓட்டை போட வேண்டாம். முதலில் சீட்டுக்கு அடியிலும் பின் தூணிலும் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிப் பாருங்கள், சில வண்டிகளில் கம்பெனியே நட் வைத்து மூடியிருப்பார்கள். இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால், மெல்லிய தகட்டில் ஒரு போல்ட்டும் வாஷரும் ஆளின் பாரத்தைத் தாங்காது. பின்னால் கனமான தகடு கொடுத்து, சரியான இடத்தில், இதில் அனுபவம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், அதையும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு. அதுவரை பிள்ளைகளை அந்த சீட்டில் உட்கார வைத்து பைபாஸில் போகாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: பெல்ட் கறுத்துக் கிடக்கிறது. ப்ளீச்சிங் பவுடரில் ஊற வைக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கூடாது, இழை பலம் இழந்துவிடும். சாயம் ஏற்றுவதும் வேண்டாம். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, திரும்ப ஓடாமல் ஒரு கிளிப் போட்டு, மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துத் துடையுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.