கேள்வி பதில்: எக்செலில் திறக்க மறுக்கும் ஆட்-இன்

கேள்வி: எக்செல் 2010-இல் நன்றாக இயங்கிய ஆட்-இன் (எக்செலுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒன்று, ஆபிஸ் 2021-க்கு மாறிய பிறகு திறக்க மறுக்கிறது. மீண்டும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: பதிப்பின் ஆண்டைவிட, அது 32 பிட்டா 64 பிட்டா (ஆபிஸ் வெளியாகும் இரு வகைகள்; 64 பிட் அதிக நினைவகத்தைப் பயன்படுத்த வல்லது) என்பதே இங்கு முக்கியம். ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று சென்றால் திறக்கும் பெட்டியின் மேல்வரியில் அது தெரியும். ஆபிஸ் 2019 முதல், நாமாக மாற்றித் தேர்ந்தெடுக்காவிட்டால் 64 பிட் பதிப்பே நிறுவப்படுகிறது; 32 பிட்டுக்காகத் தொகுக்கப்பட்ட டிஎல்எல் கோப்பை (பிற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) அதனுள் ஏற்றவே முடியாது என்பதால், எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் பலன் இராது.

ஆட்-இன், எக்செலுக்குள்ளேயே இருக்கும் நிரல் மொழியான விபிஏ-வில் எழுதப்பட்டதாக இருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை: விண்டோஸ் செயற்கூறுகளை அழைக்கும் டிக்ளேர் (Declare) வரிகளில் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல்லைச் சேர்த்து, நினைவக முகவரிகளைத் தாங்கும் மாறிகளை லாங்பிடிஆர் (LongPtr) வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் போதும்.

டிஎல்எல் வகை என்றால், தயாரித்தவரிடம் 64 பிட் பதிப்பைக் கேளுங்கள். கிடைக்காவிடில், இப்போதுள்ள ஆபிஸை முழுமையாக நீக்கிவிட்டு 32 பிட் பதிப்பை நிறுவலாம். மிகப் பெரிய கோப்புகளைக் கையாளாதவர்களுக்கு அதனால் இழப்பு அதிகமில்லை என்பது என் கருத்து. அதற்கு முன், ஆப்ஷன்ஸ் பகுதியின் ஆட்-இன்ஸ் பக்கத்தில், டிசேபிள்டு ஐட்டம்ஸ் பட்டியலில் அந்த ஆட்-இன் முடங்கிக் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.