"ம்ஹும்" நடுவில் ஒரு மெய்யெழுத்து

கேள்வி: நெங்கோனே என்ற மொழியில் மூக்கு வழியாக விடும் மூச்சே எழுத்தாக வருமாமே? மொழியியல் படிக்கும் என் மகள் சொல்கிறாள். சொல்லிக் காட்டு என்றால் அவளுக்கு வரவில்லை. நம்மால் முடியுமா? தமிழில் எழுத முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: முடியும் அம்மா. தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். "இன்னொரு தோசை?" என்றால் வாய் திறக்காமல் "ம்ஹும்" என்று மறுக்கிறோமே, தொண்டையில் இரண்டு விரல் வைத்து அதைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ம்' அதிரும். நடுவில் ஒரு கணம் அதிர்வு நின்று, உதடு மூடியபடியே மூக்கில் வெறும் காற்று போகும். அப்புறம் மறுபடி அதிரும். அந்த நடுக்கணம்தான் நீங்கள் கேட்ட ஒலி. அதை மட்டும் பிடித்து, உதட்டைத் திறந்து 'ஆ' சேருங்கள். மூக்கடியில் சின்னக் கண்ணாடி வைத்தால் ஆவி படிவது தெரியும்.

நெங்கோனே பேசப்படுவது பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியாவின் மாரே தீவில். 2009 கணக்கெடுப்பில் பேசுவோர் 8,700-க்குச் சற்று மேல். ம, ன, ஞ, ங நான்கும் அங்கே இரட்டையாக உண்டு: ஒன்று அதிரும், மற்றது மூச்சு மட்டும். ரோமன் எழுத்தில் முன்னால் ஓர் 'ஹெச்' போடுவார்கள். ஹ்னாதித் என்றே ஓர் ஊர் இருக்கிறது. எழுத்து இரண்டானாலும் ஒலி ஒன்றே. 'சிஹ்னம்' போல ஹ-வையும் ன-வையும் தனித்தனியாகச் சொன்னால் தவறு. 'டி', 'ஆர்' சேர்த்து எழுதுவதும் அப்படித்தான், அது நம் 'வண்டி'யில் வரும் ட. இதில் நமக்குச் சிரமமே இல்லை.

காதால் கேட்க மாரே வரை போக வேண்டாம். வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர். பர்மியத்திலும் இந்த ஒலி உண்டு. 'நா' என்றால் வலி, அதையே மூச்சால் தொடங்கினால் மூக்கு. மொய்ங்கா கிண்டிக்கொண்டே இரண்டையும் மாறி மாறிச் சொல்வார். பத்தாவது தடவைதான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவரைப் போன்றவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். மகளைக் கூட்டிப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

எழுதுவது? தமிழில் எழுத்து இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஃபேன்' எழுத ஆய்தத்தைத் துணைக்கு அழைத்தோமே, அதே வழியில் ஃம, ஃன, ஃஞ, ஃங என்று எழுதலாம். ஆய்தம் மூச்சுக்கு நெருக்கமான எழுத்து, பொருத்தமாகவே இருக்கும். நான் என் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: ஃனாதித்.