ஃப்ரன்ட் எண்ட் இன்டர்வியூ: கேட்டவர்களுக்குப் பதில்

மன்னார்குடி: நாலு பேர் இருக்கும் சின்ன கம்பெனி சார். முதல்முறையாக ஃப்ரன்ட் எண்டுக்கு (தளத்தில் கண்ணுக்குத் தெரியும் பக்கங்களைச் செய்யும் வேலைக்கு) ஆள் எடுக்கிறோம். அரை மணி நேரத்தில் என்ன கேட்டால் ஆள் எப்படி என்று தெரியும்?

பதில்: கேட்பதைக் குறைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். நான் இதற்கென்றே ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்துக்கான படிவம் மாதிரி இருக்கும். காலையில் வந்த மூட்டைக்கு ஒரு பெட்டி, சாயங்காலம் வந்த மூட்டைக்கு ஒரு பெட்டி, கீழே மொத்தக் கிலோ. மூட்டைக்கு 40 கிலோ. ஐந்தும் பத்தும் போட்டால் 600 வர வேண்டும், ஆனால் 20,400 வரும். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, ‘இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

இன்புட் பெட்டியின் வேல்யூ ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்தாகத்தான் வரும், டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும் சரி. கூட்டல் குறி 5-ஐயும் 10-ஐயும் ஒட்டி 510 ஆக்கிவிடும். பெருக்கல் குறி அந்த 510-ஐ எண்ணாக மாற்றிக்கொண்டு 40-ஆல் பெருக்கும். விடையைவிட அவர் தேடுகிற விதம்தான் முக்கியம். ஒருவர் கோட் வரிகளை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் 20,400-ஐ 40-ஆல் வகுத்துப் பார்ப்பார், 510 என்று வந்ததும் சிரித்துவிடுவார். அவரை விட்டுவிடாதீர்கள்.

அதே பக்கத்தில் ‘பதிவு செய்’ என்பது பட்டனே இல்லை, கிளிக்குக்கு வேலை செய்ய ஆன்கிளிக் மாட்டிய டிவ், அதாவது வெறும் பெட்டி. மவுஸைத் தொடாமல் டேபும் எண்டரும் மட்டும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். டேப் அதைத் தாண்டிப் போய்விடும். ஏன் என்று சொல்லத் தெரிந்தவர் எச்டிஎம்எல் படித்தவர். டிவ்வைப் பட்டனாக்காதீர்கள் என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

பட்டுக்கோட்டை: அண்ணா, ரியாக்ட் படிக்கவா, ஆங்குலர் படிக்கவா?

பதில்: ரியாக்ட். அதற்கு முன்னால், இரண்டுக்கும் அடிப்படை மொழியான ஜாவாஸ்கிரிப்ட்.

திருவாரூர்: எங்கள் தளங்கள் பெரும்பாலும் தமிழில். அதை ஒட்டி ஏதாவது கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேளுங்கள். பிரவுசரின் கன்சோலைத் திறந்து ‘கும்பகோணம்’ என்று எழுதி லெங்க்த் (நீளம்) பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் 10 என்று சொல்லும். உகரக் குறி, ஓகாரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதுதான் காரணம். முதல் மூன்றை மட்டும் ஸ்லைஸ் பண்ணி வெட்டி எடுத்தால் புள்ளி அறுந்து ‘கும’ என்று நிற்கும். பெயர்ப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்க்த் (அதிகபட்ச நீளம்) 20 போட்டால் நீளமான பெயருள்ளவர் பாதியிலேயே நின்றுவிடுவார். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்ட்டர் என்று பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் பரவாயில்லை, ‘10 ஏன் வருது?’ என்று அவர் யோசிக்க ஆரம்பித்தாலே போதும். இன்னொன்று, பட்டனுக்கு அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் இறுக்கிவிட்டு உள்ளே ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று போடச் சொல்லுங்கள். எழுத்து வெளியே வழியும், அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள்.

மயிலாடுதுறை: மூட்டைக் கணக்கு வைத்தா இன்டர்வியூ? சென்னையில் குளோஷர், ஈவென்ட் லூப், பைனரி ட்ரீ என்று கேட்கிறார்கள். நீங்கள் கூகுள் பார்க்கக்கூட விடுவீர்கள் போலிருக்கிறதே!

பதில்: விடுவேன். வேலைக்கு வந்த பிறகு பார்க்கத்தானே போகிறார்? பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டில் எந்தப் பிராப்பர்ட்டிக்கு என்ன பெயர் என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. குளோஷர் (வெளியே இருக்கும் மாறியை ஃபங்ஷன் பிடித்து வைத்துக்கொள்வது) கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ‘குளோஷர் என்றால் என்ன’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். வார் (var) போட்ட ஃபார் லூப்புக்குள், கொஞ்சம் கழித்து ஓட வைக்கும் செட்டைம்அவுட் வைத்து, 0, 1, 2 வர வேண்டிய இடத்தில் ஏன் 3, 3, 3 வருகிறது என்று கேளுங்கள். படிவமும் பட்டியலும் செய்யப்போகிற பிள்ளைக்கு, தரவை இரண்டிரண்டு கிளையாக அடுக்கும் பைனரி ட்ரீ எதற்கு?

மயிலாடுதுறை: அடிப்படை தெரியாதவன் கூகுளில் எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவானே?

பதில்: ஒட்டட்டும். ஒட்டி முடித்ததும் ‘சரி, இப்போ மூட்டை எண்ணிக்கை மைனஸில் வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேளுங்கள். புரிந்து ஒட்டியவர் அந்த இடத்துக்கு நேராகப் போவார், புரியாதவர் மறுபடி கூகுளுக்குப் போவார்.

நாகப்பட்டினம்: இப்போது கூகுள் யார் பார்க்கிறார்கள்? ஏஐயே முழுக்க எழுதித் தருகிறது. மயிலாடுதுறைக்காரர் சொல்வதுதான் சரி.

பதில்: ஏஐ எழுதிய கோட் வரிகளை நானே எடுத்துப் போய் முன்னால் வைக்கிறேன், ‘இதில் என்ன குறை?’ என்று. போன வாரம் வைத்ததில் லேபிள் இருந்தது, அது எந்தப் பெட்டிக்கு என்று சொல்லும் ஃபார் (for) இல்லை. வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் கிடந்தது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்கிறது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி. வெயிலில் களத்துமேட்டில் நின்று போன் பார்க்கிறவருக்கு அது எழுத்தாகவே தெரியாது. அனுப்பும் பட்டன்? டிவ்! ஏஐயும் நம்மிடம் படித்ததுதானே.

மயிலாடுதுறை: பைனரி ட்ரீ கேட்டால் யோசிக்கிற திறமை தெரியும். அதை நீங்கள் மறுக்க முடியாது.

பதில்: மறுக்கவில்லை. அதே அரை மணியில் 20,400-ம் அதைக் காட்டும், கூடவே வேலையையும் காட்டும். நீங்கள் ட்ரீ கேளுங்கள், நான் மூட்டை கேட்கிறேன். இதோடு இதை விட்டுவிடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாபநாசம்: ரியாக்டா வியூவா சார்?

பதில்: மேலே பட்டுக்கோட்டைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

திருத்துறைப்பூண்டி: தமிழ் மீடியத்தில் படித்தேன். இன்டர்வியூவில் இங்கிலீஷில் திக்குகிறது. என்ன செய்வது?

பதில்: ஆரம்பத்திலேயே, ‘தமிழ்ல விளக்கலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். நான் எடுக்கும் இன்டர்வியூ எல்லாம் தமிழில்தான் ஓடும், ஸ்டேட், ப்ராப்ஸ் மாதிரி ரியாக்ட் சொற்கள் மட்டும் அப்படியே இருக்கும். வெளிநாட்டு கிளையன்ட்டோடு நேரே பேசுகிற வேலை என்றால் இங்கிலீஷ் கேட்பார்கள், அது நியாயம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் செய்த ஒரே ஒரு ப்ராஜெக்டை இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஏன் செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்ற மூன்றும் சரளமாக வந்தால் பெரும்பாலும் அதற்கு மேல் போக மாட்டார்கள்.

ஒரத்தநாடு: ஃப்ரெஷருக்கு என்ன சம்பளம் கேட்கலாம்?

பதில்: உங்கள் ஊர்ப் பையன் யாராவது அதே கம்பெனியில் இருப்பான், அவனைக் கேளுங்கள்.

வலங்கைமான்: ஆங்குலர் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: தம்பி, மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

கும்பகோணம்: ஒரு கம்பெனியில் வீட்டுக்குப் போய் முழு டேஷ்போர்டு செய்து வரச் சொன்னார்கள், லாகின், சார்ட், பேமென்ட் எல்லாம். செய்யலாமா?

பதில்: அது பரீட்சை இல்லை, ஓசி வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவது என்றால் செய்யுங்கள். பேமென்ட் வரைக்கும் போனால், ‘ஒரு பக்கம் மட்டும் செய்து தருகிறேன்’ என்று மரியாதையாக எழுதி அனுப்புங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் சேர்ந்த பிறகும் அதே கதைதான் நடக்கும். அப்புறம், அந்த ஒரு பக்கத்திலாவது டிவ்வைப் பட்டனாக்காதீர்கள்.