701 வரிசை ரயிலில் கதவு திறக்காததும், ஓமகாரியில் இறக்கிவிட்டதும்

ஜப்பானில் அகிதாவிலிருந்து மொரியோகாவுக்குச் சாதாரண ரயிலில் போனபோது வழியில் ஒரு சிறிய நிலையத்தில் கதவு திறக்கவே இல்லை, ஓமகாரியில் வேறு ரயிலுக்கு மாறச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரயிலில் பழுது ஒன்றும் இல்லை.

முதலில் கதவு. அது குளிர்ப் பிரதேசம். எல்லாக் கதவும் தானாகத் திறந்தால் பெட்டிக்குள் இருக்கும் சூடு போய்விடும். அதனால் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். அழுத்தியும் திறக்கவில்லை என்றால், ஓட்டுநர் மட்டுமே உள்ள ரயிலாக இருந்திருக்கும். ஆளில்லா நிலையங்களில் அதில் முதல் பெட்டிக் கதவுகள் மட்டும்தான் இயங்கும்; இறங்குவது ஓட்டுநர் பக்கத்துக் கதவில். நீங்கள் பின் பெட்டியில் நின்றிருப்பீர்கள்.

ஓமகாரி விஷயம்தான் சுவாரசியம். நீங்கள் மாறிய இரண்டு ரயில்களும் 701 என்ற மின்சார ரயில் வகைதான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் சக்கர இடைவெளி வேறு. அகிதாவிலிருந்து ஓமகாரிக்கு வரும் ஓஉ பாதையில் ஓடுவது 1,067 மி.மீ. அகலத்துக்கு. ஓமகாரியிலிருந்து மொரியோகாவுக்குப் போகும் தசாவாகோ பாதையை, 1997-இல் தொடங்கிய அகிதா ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்காக 1,435 மி.மீ. ஆக மாற்றிவிட்டார்கள். அங்கே ஓட 701-5000 என்று தனி வகையே செய்தார்கள். ஒன்று மற்றொன்றின் தண்டவாளத்தில் ஏறவே முடியாது, பிறகு எப்படி நேராகப் போகும்?

அடுத்த முறை முதல் பெட்டியில் ஏறுங்கள். அப்புறம், தசாவாகோ நிலையத்தைத் தாண்டி மலையைக் கடக்கும் சாதாரண ரயில்கள் மிகக் குறைவு. ஓமகாரியில் இறங்கிய பிறகு அட்டவணையைத் தேடாதீர்கள், கிளம்பும் முன்பே பாருங்கள்.