கட்டி எடுத்த இடத்துப் புண் ஆறுமா?

திருவையாற்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி வழியே இரைப்பைக் கட்டியை எடுத்த இடத்தில் பெரிய புண்ணாம், ஆறுமா என்று.

பெரும்பாலும் 8 வாரத்தில் ஆறிவிடும். கட்டியை உள்சவ்வோடு சீவி எடுத்ததால் வந்த புண் அது. முதலில் புண் சுருங்கும், அப்புறம் ஓரத்திலிருந்து புதுச் சவ்வு வளர்ந்து மூடும், மிஞ்சுவது தழும்பு. பான்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரையை வலி இல்லையென்று நடுவில் நிறுத்த வேண்டாம். குழைந்த மோர்சாதம் சரி, வத்தக்குழம்பு கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுக்குத்தான், அதுவும் முதல் இரண்டு வாரம். மலம் தார்போலக் கறுத்தால் (இரும்புச்சத்து மாத்திரையும் கறுக்க வைக்கும், இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்), ரத்த வாந்தி வந்தால், தலை சுற்றினால், தஞ்சாவூர் செக்கப் தேதிக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.