டாரட்டில் ‘தொங்கும் மனிதன்’ வந்தால் பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் பொருளா?

வேலை மாறுவது பற்றி டாரட் என்னும் குறிசொல்லும் அட்டைகளில் கேட்டபோது பன்னிரண்டாம் அட்டையான ‘தொங்கும் மனிதன்’ வந்ததாகவும், வாசித்தவர் ‘பொறுத்திருங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு நியமனக் கடிதம் இருக்கிறது, பதில் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு டாரட் வாசித்து வருபவள் நான். அதே சொல்லைச் சொல்லி ஒருவருக்கு இழப்பை உண்டாக்கியும் இருக்கிறேன்.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் அட்டைக்கட்டு, அல்லது அதன் வழிவந்தது. பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தப் படத்தில் இளைஞன் ஒருவன் வலது காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்குகிறான். கட்டியிருக்கும் மரத்தில் இலைகள் துளிர்த்திருக்கின்றன. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் தெரிவது துன்பமன்று, ஆழ்ந்த லயிப்பு என்று அந்தக் கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட்டே விளக்கியிருக்கிறார். பொறுமை, தியாகம், பார்வை மாற்றம் என்று இப்போதைய வகுப்புகளில் மனப்பாடம் செய்விக்கும் பொருள்கள் பெரும்பாலும் இந்தப் படத்தை ஒட்டியவை. நானும் அப்படித்தான் கற்றேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா, உறவினருக்குக் கடனாகக் கொடுத்த 1,80,000 ரூபாய் திரும்பி வருமா என்று கேட்டு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து புரோநோட்டை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காகப் போட்ட கையெழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இந்த அட்டை விழுந்தது. நான் ஒளிவட்டத்தைப் பார்த்தேனே தவிர, புரோநோட்டின் தேதியைப் பார்க்கவில்லை. ‘பொறுங்கள் அம்மா, நெருக்கினால் உறவும் கெடும், பணமும் வராது’ என்றேன். எழுதி இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அவர் ஏழு மாதம் பொறுத்துவிட்டு வழக்கறிஞரிடம் போனபோது, வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் கெடு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டிருந்தது. அந்தக் கெடுவை நீட்டிக்க உதவும்படி இடையில் வட்டியென்று ஒரு ரூபாய்கூட வரவு வைக்கப்படவில்லை. ‘நீ சொன்னதால்தான் சும்மா இருந்தேன் அம்மா’ என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகுதான் இந்த அட்டையின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் ஒரு சீட்டு விளையாட்டு; அங்கே இந்த அட்டைக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று ‘துரோகி’. துரோகிகளையும் கடனை ஏமாற்றியவர்களையும் அவமானப்படுத்துவதற்காக, அவர்கள் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுக் கட்டடச் சுவர்களில் வரைந்து வைப்பது அந்நகரங்களின் வழக்கம். 1440-இல் ஃபிளாரன்சில் அவ்வாறு வரைந்த ஓவியர் ஆந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள அந்த நூற்றாண்டின் அட்டைக்கட்டு ஒன்றில், இவன் இரு கைகளிலும் பணப்பைகளைப் பிடித்தபடி தொங்குகிறான். அந்த அம்மா கேட்டது கடனைப் பற்றி. மேசையில் கிடந்ததோ கடனை ஏமாற்றியவனின் படம். நான் அதற்குத் தியானத்தைப் பொருளாகச் சொன்னேன்.

பழைய பொருளைச் சொல்லியிருந்தால் பணம் வந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. பண விஷயத்துக்கு டாரட் பார்த்தது அவருடைய தவறு என்று சிலர் இங்கே எழுதக்கூடும். கட்டணம் வாங்கியவள் நான் என்பதால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியாது.

இப்போது இந்த அட்டை விழுந்தால், பொருள் சொல்லும் முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: உங்களைக் கட்டி வைத்திருப்பது யார், எதுவரை அவகாசம் இருக்கிறது? உங்கள் நியமனக் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். இருந்தால், அதற்கு இரண்டு நாள் முன்பே உங்கள் பதில் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.