பழைய கிரேக்கச் சுருதியில் புது மெட்டு: கேள்வி பதில்

கே: டோரியன், ஃபிரிஜியன் என்கிற கிரேக்கப் பெயர் கொண்ட ஸ்வர வரிசைகள் எல்லாம் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளிலேயே வருகிறதே, தனியாக என்ன இருக்கிறது?

ப: பெயர்தான் ஒன்று. இன்றைக்கு டோரியன் என்று சொல்லித்தருவது டி முதல் டி வரை, கிரேக்கர்களுடையது ஈ முதல் ஈ வரை. இடைக்கால ஐரோப்பாவில் பெயர்கள் இடம் மாறிவிட்டன. அதை விட்டுவிட்டு டெட்ராகார்டைப் பிடியுங்கள். நாலு ஸ்வரம், ஓரத்து இரண்டும் ச-ம போல 4:3 அதிர்வெண் விகிதத்தில் அசையாமல் நிற்கும், நடுவில் உள்ள இரண்டு நகரும். ஈ முதல் ஏ வரை ஒன்று, பி முதல் மேல் ஈ வரை அதேபோல் இன்னொன்று. அவை எங்கே உட்காருகின்றன என்பதை வைத்துத்தான் டயடானிக், குரோமேட்டிக் (நடு ஸ்வரங்கள் கீழே நெருங்கும்), என்ஹார்மோனிக் (இன்னும் நெருங்கும்) என்று மூன்று வகை.

கே: அண்ணா, நான் கர்நாடக சங்கீதம் படிக்கிறேன், நம்ம ராகம் எதுவும் பக்கத்தில் வருமா?

ப: வரும். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் டயடானிக் டோரியனின் ஸ்வரங்கள் தோடி, குரோமேட்டிக்கில் கனகாங்கி! ஆனால் ஸ்வரத்தானம் மட்டும்தான், தோடி கமகம் போட்டால் அது தோடிதான். இதை வைத்து எது எதிலிருந்து வந்தது என்று கதை கட்டவேண்டாம்.

கே: என்ஹார்மோனிக்கை சின்தில் (எலக்ட்ரானிக் கீபோர்டில்) எப்படி ட்யூன் செய்வது?

ப: கி.மு. 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க அறிஞர் ஆர்க்கிட்டாஸின் கணக்கு எனக்குப் பிடித்தது: கீழிருந்து 28:27, 36:35, 5:4. மூன்றையும் பெருக்கினால் சரியாக 4:3. ஈ-யை அப்படியே விட்டு எஃப்-ஐ 37 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்), எஃப் ஷார்ப்பை 88, சி-யை 35, சி ஷார்ப்பை 86 சென்ட் இறக்குங்கள். ஏ-யை 2 இறக்கி, பி-யை 2 ஏற்றினால் முடிந்தது. மற்ற கட்டைகளைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் ஹாரி பார்ட்ச் 1946-இல் இதே சுருதியில் ஒரு சின்ன உருப்படி எழுதியிருக்கிறார்.

கே: கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது, போடலாமா?

ப: அவர்கள் கார்டு வரிசை போட்டதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் நீங்கள் எழுதுவது புது இசைதானே, தாராளமாகப் போடுங்கள். எஃப் ஷார்ப்பும் ஏ-யும் சேர்ந்தால் சுத்தமான 5:4, தேன் மாதிரி இருக்கும். ஈ, எஃப், எஃப் ஷார்ப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால் ஒரே மெட்டு, கூடவே ஒரு வாத்தியம் அதையே கொஞ்சம் மாற்றி வாசித்தால் போதும். ரிவெர்ப் (எதிரொலி) நிறையப் போட்டு எஃப்-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் உள்ள 49 சென்ட் இடைவெளியைக் கரைத்துவிடுவதைத்தான் அடிக்கடி கேட்கிறேன், அதற்கு ட்யூன் செய்யாமலேயே இருந்திருக்கலாம்.

கே: மெட்டு போட விதி ஏதாவது?

ப: கிரேக்க இசை இலக்கணக்காரர் அரிஸ்டாக்ஸினஸ் சொல்வதில் ஒன்று ரொம்ப உதவும்: அடியில் நெருங்கி நிற்கும் மூன்று ஸ்வரங்களை ஏறி முடித்தால் அடுத்து பெரிய இடைவெளியைத் தாண்டவேண்டும், இன்னொரு நெருக்கம் உடனே வரக்கூடாது. அப்புறம் நடு ஸ்வரமான மெசேக்கு, இங்கே ஏ, அடிக்கடி திரும்புங்கள். தாளத்தைச் சொல்லின் குறில் நெடிலே கொடுத்துவிடும். மெட்டின் ஏற்ற இறக்கமும் சொல்லைப் பின்பற்றலாம். கிரீஸின் டெல்ஃபியில் 1893-இல் கல்லில் கிடைத்த பாடல்களில் கிரேக்கச் சொல்லில் அழுத்தம் விழும் அசையைவிட அதே சொல்லின் மற்ற அசைகள் பெரும்பாலும் மேலே போவதில்லை.

கே: முதலில் எதைக் கேட்கலாம்?

ப: செய்கிலோஸ் கல்லறைப் பாட்டு. துருக்கியின் அய்தின் பக்கம் கிடைத்த கல், இப்போது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் சொல்லும் ஸ்வரக்குறியும் முழுசாக இருக்கிறது, டயடானிக் என்பதால் காதுக்கும் சுலபம்.

கே: வீட்டில் வீணையும் வயலினும் இருக்கின்றன, எது சரிப்படும்?

ப: வயலின். வீணையில் மெட்டு (விரல் வைக்கும் ஃபிரெட்) மெழுகில் நிலையாக இருக்கிறது, எஃப்-க்கு வேண்டிய தாழ்ந்த இடத்துக்குத் தனி மெட்டு இல்லை, ஈ மெட்டில் தந்தியை இழுத்துத்தான் பிடிக்கவேண்டும்.